ஒன்பதாவது எபிசோடில் நான் வைத்த மீன் செதில்

1. முதுகு

டப்பிங் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் கற்றுக்கொண்டது முதுகைப் பற்றி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை, அதில் ஒரு மைக். இந்தப் பக்கம் கம்ப்யூட்டர், அதன் முன்னால் சங்கர் அண்ணன். முதலாளி, சவுண்ட் இன்ஜினியர், கரண்ட் போனால் இன்வெர்ட்டரைத் தட்டுகிறவர் எல்லாம் அவர்தான். முன்பு ஆட்டோவில் ஓடும் கடை விளம்பரங்களையும் கோயில் விழா அறிவிப்புகளையும் பதிவுசெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு சென்னையில் உள்ள ஒரு கம்பெனி, பழைய வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழாக்கிச் செயலியில் போடுவதற்கு வெளியூர் ஸ்டூடியோக்களைத் தேடியபோது இவரும் கையைத் தூக்கினார்.

அன்றைக்கு அவர் ஒரு காட்சியை நிறுத்திக் காட்டினார். ஓர் ஆள் ஜன்னலைப் பார்த்து நிற்கிறார். நமக்குத் தெரிவது அவருடைய முதுகு மட்டும்.

“இவரு இப்ப பேசுதாரு. என்ன பேசுதாருன்னு வாயைப் பாத்துச் சொல்லு பிள்ள.”

“வாய் தெரியலையேண்ணே.”

“அம்புட்டுதான் விஷயம். மூஞ்சி தெரிஞ்சா நீ அந்த வாய்க்கு அடிமை. அந்தாளு உதட்டை மூடுனா நீயும் உதடு மூடுத எழுத்தாப் பாத்துத்தான் போடணும். முதுகு தெரிஞ்சா நீதான் ராணி. நீட்டி எழுது, குறுக்கி எழுது, ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

உண்மைதான். ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் முடிகிற வாக்கியம் தமிழில் ஆறு சொல்லாகும். முகம் தெரிகிற இடத்தில் அந்த ஆறும் அடங்காது. மிஞ்சியதை அடுத்து முதுகு வரும் இடத்துக்குத் தள்ளிவிடுவோம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வது இது. நான் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினேன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாலு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் அனுபவக் குறிப்பா என்று கேட்கலாம். ஆறின பிறகு எழுதினால் நான் செய்ததை எனக்குச் சாதகமாகவே எழுதிவிடுவேன். சூடாக இருக்கும்போதே எழுதுவது நல்லது.

என்னைப் பற்றி: பெயர் சுபா, ஊர் ராஜபாளையம், படிப்பு எம்.ஏ. ஆங்கிலம். சென்னையில் ஒரு கம்பெனியில் பதினோரு மாதம் வாடிக்கையாளர்களின் புகார் மெயில்களுக்குப் பதில் எழுதினேன். ஒரே வருத்தத்தை ஒரு நாளைக்கு எண்பது தடவை தெரிவிக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டேன். இந்த வேலை கிடைத்ததும் வீட்டிலிருந்தே வசனம் எழுதுவது, பதிவு நாளில் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போவது என்று ஆனது.

2. ஏட்டையா

மூன்றாம் வருஷம் எங்களுக்கு ஒரு துப்பறியும் தொடர் வந்தது. பெயரைச் சொல்ல ஒப்பந்தம் விடாது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய தொடர். ஒரு நடுவயது இன்ஸ்பெக்டர். கொலை நடந்த வீட்டுக்குப் போனாலும் கையில் பிளாஸ்க் இருக்கும். அவ்வளவு போதும்.

எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை. பள்ளியில் படிக்கும்போது கேபிளில் அதன் முதல் சீசனை மதிய நேரத்தில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். எனக்கு இங்கிலீஷ் வந்ததே அந்த இன்ஸ்பெக்டரால்தான். ஃபைலைத் திறந்து டைட்டில் இசையைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பிரச்சினை குரல். நாலு பேரின் சாம்பிளைக் கம்பெனி திருப்பி அனுப்பியது. “எல்லாரும் ஹீரோ மாதிரிப் பேசறாங்க. எங்களுக்கு வேலை பாக்குற ஆளு மாதிரிப் பேசணும்” என்றார் சென்னையில் எங்கள் வேலையைக் கவனிக்கும் நிவேதா மேடம்.

அப்போது சங்கர் அண்ணனுக்கு ஆடிப்பூரத் தேர் நினைவுக்கு வந்தது. தேரன்று போலீஸ் மைக்கில் ஒரே குரல் பல வருஷமாகக் கேட்கும்: “வடத்தை விட்டு விலகி நில்லுங்க. அம்மா, பச்சைச் சேலை அம்மா, கழுத்துல கிடக்கதைப் பாத்துக்கோங்க.” பதற்றமே இருக்காது அந்தக் குரலில். ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வுபெற்ற முத்தையாவின் குரல் அது. எல்லோருக்கும் அவர் ஏட்டையா.

முதல் எபிசோடைப் போட்டுக் காட்டினோம்.

“என்னட்டி இவரு, எழவு வீட்டுல உக்காந்து டீ குடிக்காரு?”

“அவரோட பிளாஸ்க்லேருந்துதான் குடிக்கார், ஏட்டையா.”

“அப்பச் சரி. நாங்க அவிய வீட்டு டீயையே குடிப்போம்.”

முதல் ஒரு வாரம் எல்லா வசனத்தையும் தேர் வடத்தை விட்டு விலகச் சொல்வது மாதிரியே பேசினார். சங்கர் அண்ணன் தலையில் கை வைத்துவிட்டார். பிறகு ஏட்டையாவே ஒரு வழி கண்டுபிடித்தார். பேசுவதற்கு முன் ஒவ்வொரு காட்சியையும் சத்தமில்லாமல் ஒரு தடவை பார்ப்பார். முகத்தை மட்டும் பார்ப்பார். “செத்த நேரம் பாக்க விடுங்க. இந்தாளு எம்புட்டு சொல்லுதான், எம்புட்டு மறைக்கான்னு தெரியட்டும்” என்பார். அதன் பிறகு பேசினால் ஒட்டிக்கொள்ளும். கம்பெனி ஒரே நாளில் சம்மதித்தது.

“முப்பத்திரண்டு வருசம் சர்வீஸ்ல ஏட்டாவே நின்னுட்டேன்” என்று ஜவுளிக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “இப்பத்தான் இன்ஸ்பெக்டர் ஆயிருக்கேன். அதுவும் ஃபாரின்ல.”

நிபந்தனை ஒன்று இருந்தது. முதல் சீசன் பத்து எபிசோடும் சோதனை. சரியாக வந்தால் இரண்டாம் சீசனும் எங்களுக்கு. சரியில்லை என்றால் சென்னையில் ஒரு பெரிய ஸ்டூடியோ தயாராக இருந்தது. இன்ஸ்பெக்டருக்கு அங்கே வேறு குரல்.

3. ஒன்பது

எட்டு எபிசோடு நன்றாகப் போயிற்று. ஒன்பது வந்தது.

அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் ஒன்பதைத்தான் மட்டம் என்பார்கள். கதை இதுதான். கடலோர ஊரில் லாட்ஜ் நடத்தும் ஒரு விதவை, மாடிப்படியின் அடியில் இறந்து கிடக்கிறாள். சந்தேகத்துக்குரியவர்கள் அவளுடைய அண்ணன் மகன், குடும்ப டாக்டர், வேலைக்காரப் பெண். நாற்பது நிமிஷம் இன்ஸ்பெக்டர் இவர்களைக் கேள்வி கேட்கிறார். கடைசி நாலு நிமிஷத்தில், பின்வாசலில் மீன் விற்க வரும் படகுக்காரனைக் கைது செய்கிறார். அவன் அதுவரை ஒரே ஒரு காட்சியில் வந்தவன். ஏன் அவன், எப்படிக் கண்டுபிடித்தார், ஒன்றும் கிடையாது. அவன் வாயைத் திறக்காமல் வண்டியில் ஏறுகிறான். படம் முடிந்துவிடும்.

எட்டாம் வகுப்பில் பார்த்தபோதே எனக்கு அழுகை வந்தது. கதைக்காக அல்ல, ஏமாந்ததற்காக. இப்போது அதை நானே தமிழில் எழுத வேண்டும். எழுதினால் பார்க்கிற ஜனம் யாரைத் திட்டும்? இன்ஸ்பெக்டரை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஃபைலை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். அந்த எபிசோடில் ஒரு விசேஷம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வழக்கத்தைவிட அதிகமாக நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். ஜன்னலைப் பார்க்கிறார், படிக்கட்டைப் பார்க்கிறார், கடலைப் பார்க்கிறார். ஏழு இடங்களில் முதுகோடு பேசுகிறார். அந்த ஏழு இடங்களிலும் ஆங்கிலத்தில் இருந்தது, கதைக்குச் சம்பந்தமில்லாத புலம்பல் என்று பட்டது. தூக்கிவிட்டேன்.

அந்த இடங்களில் நான் போட்டது இது. படிக்கட்டுக் கம்பளத்தில் ஒரு மீன் செதில் கிடக்கிறது. பின்வாசலிலிருந்து மாடிவரை ஈரக் காலடி. இறந்தவளின் கையில் சிக்கியிருந்த கயிற்றில் படகுக்காரர்கள் மட்டும் போடும் ஒரு முடிச்சு. இரண்டு வரியில் ஒரு பழைய பகையையும் சேர்த்தேன். கடைசியில் கைது நடக்கும்போது எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. படித்துப் பார்த்து நானே கை தட்டினேன்.

நாங்கள் அனுப்பும் வசனத்தாளில் ஒரு ஓரத்தில் “அடாப்டேஷன்” என்று ஒரு கட்டம் உண்டு. அவர்களுடைய பண்டிகையையோ சாப்பாட்டையோ நமக்குப் புரிகிற மாதிரி மாற்றினால் அதில் ஒரு டிக் போட வேண்டும். ஏழு வரிக்கும் டிக் போட்டேன். கம்பெனியில் சரிபார்க்கிறவர்கள் முகம் தெரிகிற வரிகளைத்தான் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். டிக் இருந்தால் தாண்டிவிடுவார்கள். சங்கர் அண்ணனுக்கோ ஏட்டையாவுக்கோ நான் எதுவும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அப்போது தோன்றவில்லை.

மிக்ஸிங் முடிந்து ஓட்டிப் பார்த்தபோது ஏட்டையா தொடையில் தட்டினார்.

“இதான்டி விசாரணை! மத்த எட்டுலயும் மனுசன் பேசிப் பேசியே குத்தவாளிய அலுக்க வச்சிப் புடிச்சாரு. இதுல பாரு, செதிலு, கால்தடம், முடிச்சு. கோர்ட்டுல நிக்கும்.”

பத்தாவதையும் முடித்து அனுப்பிய பிறகு நிவேதா மேடம் போன் செய்தார். “ஒன்பதாவது எபிசோடு ஒரிஜினலைவிடத் தமிழ்ல நல்லாருக்கு சுபா. எப்படின்னு தெரியல. சீசன் டூ உங்களுக்குத்தான்.”

அந்த நாள் முழுக்க நான் நடந்தது தரையில் இல்லை.

4. விரதம்

இரண்டாம் சீசனை நான் பார்த்ததில்லை. கேபிளில் போடவில்லை. இன்டர்நெட்டில் தேடிக் கதையைப் படித்திருக்கலாம். ஆனால் என்றைக்காவது முழுதாகப் பார்க்கக் கிடைக்கும், அதுவரை ஒரு வரிகூடத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று பத்து வருஷமாக ஒரு விரதம் வைத்திருந்தேன். முதல் சீசனைப் பற்றி மட்டும் எல்லாம் படிப்பேன். இரண்டு என்று கண்ணில் பட்டாலே பக்கத்தை மூடிவிடுவேன். தீவிர ரசிகர்களுக்கு இது புரியும். கம்பெனியும் ஃபைல்களை மூன்று மூன்றாகத்தான் அனுப்பும்.

முதல் சீசன் வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றாக வெளியாகத் தொடங்கியிருந்தது. ஏழு எபிசோடு வெளிவந்து நல்ல பேர். அந்தச் சமயத்தில் ராஜபாளையத்தில் என் அறையில் உட்கார்ந்து இரண்டாம் சீசனின் மூன்றாவது எபிசோடைத் திறந்தேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு ஜெயிலுக்குப் போகிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள். தாடி வளர்ந்திருக்கிறது. சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் படத்தை நிறுத்திப் பார்த்தேன். ஒன்பதாவது எபிசோடின் படகுக்காரன்.

இன்ஸ்பெக்டர் அவனிடம் சொல்கிறார்: “உனக்கு எதிராக என்னிடம் எதுவுமே இல்லை. அன்றைக்கும் இல்லை. நீ மட்டும்தான் எனக்குப் பதில் சொல்லவில்லை. நான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.”

கொன்றது டாக்டர். ஒன்பதில் இன்ஸ்பெக்டர் பிடித்தது தப்பான ஆளை. அந்த எபிசோடில் ஒரு தடயமும் இல்லாததற்குக் காரணம், இன்ஸ்பெக்டரிடம் ஒரு தடயமும் இல்லை என்பதுதான்.

ஆங்கிலத்தில் அந்தப் படகுக்காரன் நிரபராதி. தமிழில் அவன்மேல் செதில் இருக்கிறது, காலடி இருக்கிறது, முடிச்சு இருக்கிறது. நான் வைத்தது. பதினோரு நாளில் ஒன்பது வெளியாகப் போகிறது.

எழுந்து தண்ணீர் குடித்தேன். பிறகு உட்கார்ந்து நான் செய்தது, முதல் தப்பைவிட மோசமானது. ஜெயில் காட்சியையும் திருத்தினேன். “உனக்கு எதிராக இருந்த சாட்சியெல்லாம் அந்த டாக்டர் வைத்தது. இப்போதுதான் தெரிந்தது. நானும் ஏமாந்துவிட்டேன்.” செதிலை டாக்டர் தலையில் கட்டிவிட்டேன். இந்தக் காட்சியில் முதுகு இல்லை, முழுக்க முகம்தான். உதடு மூடுகிற இடம், திறக்கிற இடம் பார்த்து ஒவ்வொரு சொல்லாகப் பொருத்த இரண்டு நாள் ஆனது. கச்சிதமாக உட்கார்ந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

5. ரெண்டு மூஞ்சி

வியாழக்கிழமை காலை பதிவு. மைக் அறையில் ஏ.சி.யை அணைத்துவிட்டுத்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் அதன் இரைச்சல் விழும். ஏட்டையா தோளில் துண்டோடு நின்றார். நான் அவர் பக்கத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழக்கம்போல ஜெயில் காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவையும்.

“ஏட்டி சுபா. தாள் மாறிப்போச்சா?”

“இல்ல ஏட்டையா. அதேதான்.”

“இதுல ‘நானும் ஏமாந்துட்டேன்’னு எழுதிருக்க. இது ஏமாந்தவன் மூஞ்சி இல்ல. தப்புப் பண்ணவன் மூஞ்சி. ரெண்டையும் நான் முப்பத்திரண்டு வருசம் பாத்திருக்கேன். இங்கிலீஷ்ல இவரு என்னதான் சொல்லுதாரு?”

“அர்த்தம் கிட்டத்தட்ட அதுதான்…”

“கிட்டத்தட்ட வேண்டாம். உள்ளதைச் சொல்லு.”

சொன்னேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“எதுவுமே இல்லன்னா, ஒம்பதுல நான் சொன்னேன்லா, செதிலு? அது எங்கேருந்து வந்துச்சு?”

“நான்தான் வச்சேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சங்கர் அண்ணனின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. “என்னது?” மைக் திறந்தே இருந்திருக்கிறது.

ஏட்டையா சத்தம் போடவில்லை. “எங்க டிப்பார்ட்மென்ட்ல இதுக்கு ஒரு பேரு உண்டு. சாட்சி ஜோடிக்கிறது. நாங்க ஜோடிச்சா சஸ்பெண்ட் பண்ணுவான். நீ ஜோடிச்சிருக்க, எல்லாரும் கை தட்டிருக்கோம். நானும்லா தொடையைத் தட்டுனேன்!” கடைசி வரியில்தான் அவருக்குக் கோபம் வந்தது. என்மேலா, அவர்மேலேயேவா, தெரியவில்லை.

சங்கர் அண்ணன் உள்ளே வந்தார். “சரி, நடந்தது நடந்து போச்சு. டாக்டர் வச்சான்னு பிள்ள எழுதிருக்கே, அதுவும் கதைதான? தமிழ்ல பாக்குறவனுக்கு எதுவும் இடிக்காது. பேசி முடிச்சிருவோம், ஏட்டையா.”

“இடிக்காதா? டாக்டர் வச்சான்னா இன்ஸ்பெக்டர் மேல தப்பே இல்லையே. பொறவு எதுக்கு இந்த மனுசன் ஜெயிலுக்குப் போய் அவன் முன்னால தலையைத் தொங்கப்போட்டு நிக்காரு?”

“மெட்ராஸ்காரிக்குத் தெரிஞ்சா சீசனைப் பிடுங்கிருவா. உங்க குரலும் போயிரும். யோசிச்சுப் பேசுங்க.”

ஏட்டையா யோசித்தார். அவருக்கும் அது சின்ன விஷயம் இல்லை. எங்கள் இருவரையும் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டார். “இன்னைக்குத் தொண்டை சரியில்ல. வாரேன்.” படி இறங்கிப் போய்விட்டார்.

“நாளைக்குச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்துருவேன். நீ மூச்சு விடாத” என்றார் சங்கர் அண்ணன்.

6. ஏழு வரி

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஸீட் கிடைத்தது. வழியெல்லாம் ஒரு கேள்விதான். ஒன்பதில் தடயம் இல்லை, சரி. ஆனால் எழுதியவர் அதற்குப் பதிலாக எதையாவது வைத்திருக்க வேண்டுமே? வெறுமனே விட்டிருப்பாரா?

வீட்டுக்கு வந்ததும் ஒன்பதின் ஆங்கிலத் தாளை எடுத்தேன். நான் புலம்பல் என்று தூக்கிப்போட்ட ஏழு வரிகளையும் வரிசையாக எழுதினேன்.

ஷூவெல்லாம் நனைந்துவிட்டது.

இந்தப் படியை இன்னொரு தடவை ஏற வேண்டுமா?

கடைசி ரயில் எத்தனை மணிக்கு?

அந்தப் படகுக்காரன் இன்னும் வெளியேதான் நிற்கிறானா?

வாயே திறக்க மாட்டேன் என்கிறான்.

டீ தீர்ந்துவிட்டது.

சரி, இன்றைக்கே முடித்துவிடலாம்.

அத்தனையும் அங்கேயே இருந்தது. ஒரு களைத்த மனிதர், பேசாமல் நிற்கிற ஒருவனை நோக்கி ஏழு அடி எடுத்து வைக்கிறார். முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டியது, அந்த மனிதர் அப்போது தன்னையே பார்க்க விரும்பவில்லை என்பதற்காக. எழுதியவர் ஏழு தடயம் வைத்திருக்கிறார், இன்ஸ்பெக்டருக்கு எதிராக. நான் ஏழு வரியையும் பொறுக்கியெடுத்து அழித்துவிட்டு அந்த இடத்தில் மீன் செதிலைப் போட்டிருக்கிறேன்.

சங்கர் அண்ணனுக்குப் போன் செய்தேன். “அண்ணே, நிவேதா மேடத்துக்கிட்ட சொல்லப்போறேன். உங்களுக்கும் ஏட்டையாவுக்கும் எதுவும் தெரியாதுன்னும் சொல்லிருவேன்.”

“சொல்லாதன்னா கேப்பியா?”

“இல்லண்ணே.”

“அப்ப எதுக்குட்டி எனக்குப் போன் போட்ட?” என்று வைத்துவிட்டார்.

நிவேதா மேடத்துக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டது இதுதான். “அதைத் திருத்த உங்களுக்கு யாரு பெர்மிஷன் கொடுத்தாங்க?”

“யாரும் கொடுக்கல மேடம்.”

“ஒன்பது நல்லாருக்குன்னு நான் எங்க ஹெட்கிட்ட மெயில் போட்டிருக்கேன். இப்ப நானே போய் அது தப்புன்னு சொல்லணும். திங்கள் மதியம் ஃபைல் லாக் ஆயிடும். அதுக்குள்ள ஒரிஜினல்படி மாத்திக் கொடுங்க. சீசன் டூ பத்தி அதைக் கேட்ட பிறகுதான் சொல்ல முடியும்.”

7. சனிக்கிழமை

ஏட்டையா வருவார் என்று எனக்கு உறுதியில்லை. வந்தார். குரல் கொடுக்கும் வேலை அவர் கையைவிட்டுப் போகலாம் என்று சங்கர் அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

“எனக்குப் பதிலா எவனைப் போடுவாகளாம்?”

“இன்னும் எதுவும் முடிவாகல, ஏட்டையா.”

“எவனையும் போடட்டும். நல்லாப் பேசட்டும். ஆனா மெட்ராஸ்காரன் பிளாஸ்க்ல காப்பிதான் ஊத்துவான், பாத்துக்கோ.” தாளை வாங்கி ஏழு வரியையும் படித்தார். மறுபடி படித்தார். “ஸ்டூலை எடுத்துப் போடு. இதை நின்னுக்கிட்டுப் பேச முடியாது. இந்தாளுக்கு முட்டி வலிக்குது.”

மைக் உயரத்தை இறக்கினோம். ஏழு வரியும் ஏழே டேக். சங்கர் அண்ணன், என்னிடம் இரண்டு நாளாகப் பேசாதவர், கண்ணாடி வழியாகக் கட்டைவிரலைக் காட்டினார். எனக்கா ஏட்டையாவுக்கா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

படகுக்காரனைக் கைது செய்யும் கடைசிக் காட்சியில் மாற்ற ஒன்றுமில்லை. ஆனாலும் ஏட்டையா அதையும் திரும்பப் பேசினார். “போன தடவை ஜெயிச்சவன் மாதிரிப் பேசிட்டேன்” என்றார். புதிய டேக்கில் குரல் பாதி தணிந்திருந்தது.

முழுசாக ஓட்டிப் பார்த்தோம். எபிசோடு மறுபடியும் ஏமாற்றமாக ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பில் நான் பார்த்த அதே ஏமாற்றம்.

ஜெயில் காட்சியையும் உள்ளபடி எழுதிப் பதிவுசெய்து இரண்டையும் அனுப்பினோம். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. இரண்டாம் சீசன் எங்களிடமே இருக்கும், ஏட்டையாவின் குரலோடு. ஆனால் இனி என் வசனத்தாளில் ஒவ்வொரு தமிழ் வரிக்கும் பக்கத்தில் அதன் நேர் அர்த்தத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். அடாப்டேஷன் கட்டத்தில் டிக் போடும் உரிமை எனக்கு இல்லை. வேலை இரட்டிப்பு. இன்றுவரை அப்படித்தான் அனுப்புகிறேன்.

8. வெள்ளிக்கிழமை

ஒன்பது வெளியானது. ஒரு மணி நேரத்தில் முதல் கமெண்ட்.

“எட்டு எபிசோடு சூப்பர். இது படு மொக்கை. ஒரு க்ளூ கூட இல்ல. தமிழ் டயலாக் எழுதுனவங்க பாதியில தூங்கிட்டாங்க போல.”

அதன் கீழே வரிசையாக ஆமாம், ஆமாம். ஒருவர், இங்கிலீஷில் பார்த்தால் காரணம் இருக்கும், தமிழில்தான் வெட்டிவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னார். இன்னொருவர் என் பெயரைக் கண்டுபிடித்து எழுதியிருந்தார்.

ஏட்டையா போன் செய்தார். “பாத்தியாட்டி? நான் ஒரு பதில் போடட்டா? பேத்தி டைப் பண்ணித் தாரேங்கா.”

“என்னன்னு போடுவீங்க?”

“நாலு வெள்ளிக்கிழமை பொறுங்கலேன்னு.”

“அதைச் சொன்னாலே கதை தெரிஞ்சிரும், ஏட்டையா.”

“அப்ப அவன் பாட்டுக்கு உன்னைத் திட்டட்டுமா?”

“திட்டட்டும்.”

“உன் பேரைப் போட்டுல்லா திட்டுதான்!”

“என் பேருதான, திட்டட்டும்.”

திட்டினார்கள். நாலு வாரம் கழித்து ஜெயில் காட்சி வந்தபோது சிலர் திரும்பிப் போய் ஒன்பதைப் பார்த்துவிட்டு எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் கமெண்ட் எழுதியவர் அதை மாற்றவில்லை. அது இன்னும் மேலேயே இருக்கிறது.

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் கைக்கு வருகிற காட்சி ஏமாற்றமாக இருந்தால், அந்த ஏமாற்றம் குறையாமல் எழுதுங்கள். யாரோ யோசித்து வைத்த ஏமாற்றமாக அது இருக்கலாம். நிஜமாகவே மோசமான எபிசோடாகவும் இருக்கலாம். எது என்று தெரியாதபோது அதில் கை வைக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. தெரிந்த பிறகும் இல்லை.

ஒன்பதின் முடிவில் “தமிழ் வசனம்” என்று என் பெயர் இரண்டு விநாடி வருகிறது. இதுவரை எத்தனையோ ஆயிரம் வரி எழுதியிருக்கிறேன். அவற்றில் நான் ஒழுங்காக எழுதியவை எவை என்று கேட்டால், எல்லோரும் என்னைத் திட்டுகிற அந்த ஏழு வரிகளைத்தான் காட்டுவேன்.